இருபத்தைந்து ஆம்பியர் பொய்

"நாலு மணிக்குக் கோர்ட்டு மேடம். அதுக்குள்ள என் வீட்டுக்காரர் கொலைகாரர் இல்லன்னு நீங்க நிரூபிக்கணும்."

சொன்ன பெண் உட்காரவில்லை. தோளில் கைப்பை, மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு கிளிப் அட்டை, நேற்றிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம். எங்கள் சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. அது பத்து நிமிடம் பின்தங்கி ஓடும் என்பதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேடம் என்பவர் என் முதலாளி. துப்பறிவதைப் பலகை மாட்டிச் செய்கிற பெண்மணி. நான் அவருடைய உதவியாளன். எனக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மேடம் வைத்த பெயர் ரேடியோ. போட்டால் நிற்க மாட்டேனாம்.

"முதல்ல ஒரு டீ குடிங்க," என்று கெட்டிலின் பிளக்கைச் சொருகினேன்.

"சார், பிடுங்குங்க அதை!" அவள் பாய்ந்து வந்தாள். "கெட்டில் ஆயிரத்து எண்ணூறு வாட்ஸ். எட்டு ஆம்பியர் இழுக்கும். நீங்க போட்டிருக்கிறது அஞ்சு ஆம்பியர் பிளக்கு. உருகிடும்."

பிடுங்கினேன். "மேடம், ரெண்டு வருஷமா நாம உயிரோட இருக்கிறதே பெரிய விஷயம் போலிருக்கே."

மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "கரண்டு பத்திப் படிச்சிருக்கியாம்மா?"

"படிப்பெல்லாம் இல்ல மேடம். எலக்ட்ரிகல் கடையில ஒன்பது வருஷமா கவுன்ட்டர்ல நிக்கிறேன். எந்தப் பொருளுக்கு எந்த பிளக்குன்னு கேப்பாங்க. வாட்ஸை வோல்டேஜால வகுத்தா ஆம்பியர் வந்துடும். அவ்வளவுதான் தெரியும்."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவள் கணவர் ஒரு பட்டறையில் ஆபரேட்டர். சைக்கிள் ஹேண்டில்பார்களுக்குப் பெயின்ட் அடித்து, ஆள் உயர ஹீட்டர் பெட்டிக்குள் வைத்துச் சுட்டு எடுக்கிற இடம். வாசலை ஒட்டி ஆபீஸ் அறை. இரண்டு ஷெட் தாண்டிப் பின்கோடியில் பெட்டி. நேற்று முற்பகல் ஆபீஸ் அறையில் யாரோ முதலாளியை இரும்புக் குழாயால் தலையில் அடித்துவிட்டார்கள். இன்று காலையில் ஆஸ்பத்திரியில் அவர் போய்ச் சேர்ந்தார். அடித்தது ஆபரேட்டர்தான், பதினொன்றரைக்கு ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தேன் என்று முதலாளியின் மச்சினன் சாட்சி சொல்லியிருக்கிறார். முந்தின நாள் லீவு கிடைக்காமல் ஆபரேட்டர் முதலாளியிடம் கத்தியது பட்டறைக்கே தெரியும்.

"அவர் பெட்டியை விட்டு நகரவே இல்ல மேடம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பாத்து வோல்டேஜும் ஆம்பியரும் எழுதணும். ஆபீசுக்கு நடந்து போயிட்டு வரவே எட்டு நிமிஷம் ஆகும். அவர் எப்படி அடிச்சிருக்க முடியும்? இதோ, நேத்து எழுதின தாள். சாப்பாடு கொண்டு போனப்போ அவரை ஜீப்ல ஏத்திட்டு இருந்தாங்க. இதை நான்தான் எடுத்து வெச்சேன்."

"போலீஸ்ல காட்டினியா?"

"இன்னும் இல்ல மேடம். உங்ககிட்டதான் முதல்ல."

மேடம் தாளை வாங்கினார். தலைப்பில் 'ஹீட்டர் 4600 வாட்ஸ்' என்று அச்சாகியிருந்தது. கீழே பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பத்தொன்பது வரிகள். பென்சிலால் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். மூன்றாவது கணக்கில் பென்சில் நின்றது. அந்த நிற்றல் எனக்குப் பழக்கம். அதற்குப் பிறகு நல்ல செய்தி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நீ ஸ்டேஷனுக்குப் போய் உன் வீட்டுக்காரரைப் பாரும்மா. பாத்துட்டு நேரா பட்டறைக்கு வா. ரேடியோ, வண்டியை எடு."

வண்டி தெருமுனை திரும்பியதும் கேட்டேன். "என்ன மேடம், முகம் சரியில்லையே?"

"தாள் பொய்."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவன் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான்.

"ஹீட்டர்னா என்ன ரேடியோ? ஒரு கம்பிச் சுருள். கரண்டுக்கு அது ஒரு தடை கொடுக்கும். அந்தத் தடை நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னு மாறாது. வோல்டேஜை ஆம்பியரால வகுத்தா தடை, ஓம் கணக்குல வந்துடும். முதல் வரியைப் பாரு. இருநூத்தி முப்பது வோல்ட், இருபது ஆம்பியர்."

"பதினொன்றரை ஓம்." கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை.

"நேத்து பத்தே முக்காலுக்கு மேல வோல்டேஜ் இறங்கியிருக்கு. இருநூறு வோல்ட். ஆம்பியர் என்ன எழுதியிருக்கு?"

"இருபத்தி மூணு. வகுத்தா... எட்டே முக்கால் கிட்ட வருது."

"அடுத்தது நூத்தி எண்பத்தி நாலு வோல்ட், இருபத்தஞ்சு ஆம்பியர். ஏழேகால் சொச்சம். ஒரே கம்பி, மத்தியானத்துக்குள்ள இப்படி இளைச்சுடுமா? வோல்டேஜ்தான் கரண்டைத் தள்ளுற பலம். தள்ளுற பலம் குறைஞ்சா கரண்டும் குறையணும். இந்தத் தாள்ல ஏறுது. இப்போ வகுக்காம பெருக்கிப் பாரு."

பெருக்கினேன். நாலாயிரத்து அறுநூறு. அடுத்ததும் நாலாயிரத்து அறுநூறு. பத்தொன்பது வரியிலும் அதே விடை, தலைப்பில் அச்சாகியிருந்த அதே எண்.

"மீட்டரைப் பாத்து எழுதினதில்ல," என்றார் மேடம். "உக்காந்து போட்ட கணக்கு."

"அப்போ நம்ம ஆள் பெட்டிக்கிட்டயே இல்லையா? அந்த நேரத்துல ஆபீஸ் ரூம்ல குழாயோட..." மீதியைச் சொல்லப் பிடிக்கவில்லை. "கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பிட்டோமே மேடம். அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்றது?"

மேடம் பட்டறை வரும் வரை அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறை அடைத்திருந்தது. ஆபீஸ் அறையில் இன்ஸ்பெக்டர் நாற்காலியும் மேசையும் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். முதலாளியின் பெரிய சுழல் நாற்காலி ஒரு பக்கம். எதிர்ச் சுவரில் மின்சாரப் போர்டு, அதில் கரண்டு கூடினால் தானே கீழே விழும் இரண்டு டிரிப் சுவிட்சுகள், மேலே ஒரு மணி. போர்டுக்குக் கீழே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர்தான் மச்சினன். அவருக்கு ஊர் வைத்த பெயர் கரெக்டு. யார் எது சொன்னாலும் 'கரெக்டு' என்பாராம். இப்படியும் ஒருவரால் வாழ்க்கையை ஓட்டிவிட முடிகிறது.

"நீங்க பாத்ததை எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க," என்றார் மேடம்.

"ஜன்னல் வழியா பாத்தேங்க. குழாயை ஓங்கினான், ஒரே போடு. பதினொன்றரை மணி. பின்பக்கமா ஓடிட்டான். நான் வாசல்லயே நின்னு போலீசுக்குப் போன் பண்ணேன்."

"போன் வந்தது பதினொன்னு நாப்பத்தஞ்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கரெக்டு. கையும் ஓடல, காலும் ஓடல சார். ஆனா வாசலை விட்டு நகரல. போலீஸ் வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகல."

"நீங்களும் போகலையா? உங்க மாமா உயிரோட இருக்காரான்னு பாக்கக்கூட?"

"தடயம் கெட்டுடும்ல மேடம்!"

மேடம் போர்டைப் பார்த்தார். "இந்த சுவிட்சு எதுக்கு?"

"அதெல்லாம் மாமா சமாச்சாரம். கரண்டுன்னாலே எனக்குப் பயம். அந்தப் பக்கம் கையே நீட்ட மாட்டேன்."

வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் கூடவே வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். "மூணரைக்கு நான் கிளம்பணும் மேடம். அந்த ஆபரேட்டர் உளர்றான். பதினொன்னு முப்பத்தஞ்சு தாண்டி மணி அடிச்சானாம், ஆபீஸ்ல இருந்து பதில் வந்ததாம், அதனால முதலாளி அப்போ நல்லாத்தான் இருந்தாராம். மண்டை உடைஞ்சு கிடக்கிறவர் என்னத்த பதில் சொல்வார்?"

மேடம் நின்றார். "என்ன பதில்னு கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்கோடிக்கு நடந்தோம். நான் நேரம் பார்த்தேன். போக மட்டும் நாலு நிமிடம். ஹீட்டர் பெட்டியின் பக்கத்தில் இரண்டு மீட்டர்கள், ஒரு மணிப் பொத்தான், மரப்பெட்டி நிறையப் பழைய தாள்கள். சுவரில் முதலாளியின் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது: 'ஆம்பியர் பாதியானால் மூன்று ரீடிங் பார்க்கவும். சரியாகாவிட்டால் மணி அடிக்கவும். சும்மா சும்மா அடிக்கக் கூடாது.'

மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பழைய தாள்களை எடுத்து என் மடியில் போட்டார். "வகு."

வகுத்தேன். 230க்கு 20. 207க்கு 18. 184க்கு 16. போன மாதம், போன வருடம், அதற்கும் முந்தின வருடம், எதை எடுத்தாலும் பதினொன்றரை ஓம். "மேடம், இந்த மனுஷன் பெரிய விஞ்ஞானியா இருப்பார் போலயே!"

"அவருக்கு ஒரு கணக்கும் தெரியாது. முள் காட்டினதை எழுதினார். அதனாலதான் சரியா இருக்கு. மூணு வருஷமா முள்ளைப் பாத்து எழுதின மனுஷன் நேத்து மட்டும் வாட்ஸை வோல்டேஜால வகுத்து எழுதுவாரா?"

வாட்ஸை வோல்டேஜால் வகுப்பது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். கெட்டில், பிளக், எட்டு ஆம்பியர். எனக்கு வாய் அடைத்துப்போனது. அது அபூர்வம் என்பதால் மேடம் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் ஷெட்டுக்குள் வந்தாள்.

"உக்காரும்மா," என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. "இந்தத் தாளை நீதானே எழுதின?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள்.

"அவர் எழுதினது தப்பா இருந்தது மேடம். நேத்து ராத்திரி பெருக்கிப் பாத்தேன். முதல் வரி நாலாயிரத்து அறுநூறு வந்தது. அப்புறம் மூவாயிரத்து நானூத்தி எண்பது. அப்புறம் மூவாயிரம்கூட இல்ல. நடுவுல மூணு வரி வெறும் எட்டு ஆம்பியர்! நாலாயிரத்து அறுநூறு வாட்ஸ் பெட்டி எட்டு ஆம்பியரா இழுக்கும்? விஷயம் தெரிஞ்ச ஒருத்தன் பாத்தா போதும், பொய்க் கணக்குன்னு சொல்லிடுவான். அவர் எங்கேயோ போயிட்டு வந்து குத்துமதிப்பா நிரப்பியிருக்கார்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்கூட அவரைச் சந்தேகப்பட்டுட்டேன் மேடம். அட்டையில இருந்த வேற ஒரு வெறும் தாளை எடுத்து, எல்லா வரியும் சரியா வர்ற மாதிரி எழுதினேன்."

எனக்கு அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. புருஷனைக் காப்பாற்ற விடிய விடிய உட்கார்ந்து, அவன் கழுத்துக்கு இவளே கயிறு திரித்திருக்கிறாள்.

"பெட்டியில போட்டிருக்கிற வாட்ஸ் இருநூத்தி முப்பது வோல்ட்டுக்கு மட்டும்தாம்மா," என்றார் மேடம். "உன் கடையில எப்பவும் அதே வோல்டேஜ்னு வெச்சுக் கணக்குப் போடுறே, பிளக்குக்கு அது போதும். வோல்டேஜ் இறங்கினா ஆம்பியரும் இறங்கும், வாட்ஸும் இறங்கும். மாறாதது தடை மட்டும்தான். அவர் எழுதினது சரி. நீ திருத்தினதுதான் தப்பு. அவர் எழுதின அந்தத் தாள் எங்கே? எரிச்சுட்டியா?"

மணி இரண்டு ஐம்பது.

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளறையில் நாலாக மடித்த காகிதம். "அவர் கையெழுத்து மேடம். கிழிக்க மனசு வரல."

மேடம் அதைப் பெட்டி மேல் விரித்து, விரலால் வரி வரியாக இறங்கினார். 230, 20. 200, 17.4. 184, 16. பிறகு விரல் நின்றது. பதினொன்று இருபத்தைந்து: 184 வோல்ட், எட்டு ஆம்பியர். முப்பது: எட்டு. முப்பத்தைந்து: எட்டு, பக்கத்தில் 'மணி' என்று ஒரு சொல். பதினொன்று நாற்பது: மறுபடி பதினாறு.

"நூத்தி எண்பத்தி நாலை எட்டால வகு, ரேடியோ."

"இருபத்தி மூணு ஓம். சரியா ரெண்டு மடங்கு."

"பெட்டிக்குள்ள இருக்கிறது ஒண்ணு இல்ல, ரெண்டு சுருள், பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணு நின்னா கரண்டு போக ஒரே வழி. தடை ரெண்டு மடங்கு, ஆம்பியர் பாதி. ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு சுவிட்சு. அது எங்கே இருக்கு?"

"ஆபீஸ் ரூம் போர்டுல!"

"அடி வாங்கினவர் விழும்போது பிடிமானத்துக்குக் கையை நீட்டியிருக்கார். ஒரு சுவிட்சு கீழே வந்துடுச்சு. அடி விழுந்தது பதினொன்றரைக்கு இல்ல. இருபதுக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுல. இங்க உன் வீட்டுக்காரர் முதலாளி சொன்னபடி மூணு ரீடிங் பாத்துட்டு மணி அடிச்சார். அங்க யாரோ சுவிட்சை மேலே தள்ளினாங்க. இதுதான் அவர் சொன்ன பதில்."

"முதலாளி தரையில கிடந்தார்," என்றேன். "ஒரு ஈ காக்கா உள்ள போகலன்னு ஒருத்தர் சத்தியம் பண்றார். அப்போ சுவிட்சைத் தள்ளினது ஒண்ணு பேய், இல்லன்னா கரெக்டு."

அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மேடம் அதை நிலைக்க விடவில்லை. "அவசரப்படாதே. ஒரு பொய்த்தாள் எழுதினவ பையில இருந்து வந்த ரெண்டாவது தாளை இன்ஸ்பெக்டர் எதுக்கு நம்பணும்? இதையும் நீ எழுதினன்னு அந்த மச்சினன் ஒரே வார்த்தையில முடிச்சுடுவான்."

மணி மூன்று ஆகியிருந்தது. மேடம் ஹீட்டரைப் போட்டார். வோல்டேஜ் இன்று ஒழுங்காக 230. ஆம்பியர் முள் இருபதில் போய் நின்றது.

"இங்கேயே நில்லும்மா. முள் பத்துக்கு இறங்கும். இறங்கினதும் நூறு வரைக்கும் எண்ணு. எண்ணி முடிச்சு மணியை அடி. அப்புறம் முள்ளை மட்டும் பாரு. வேற எதையும் நினைக்காதே."

திரும்பி நடந்த நாலு நிமிடத்தில் நான் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை.

ஆபீஸ் அறையில் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு நின்றார். கரெக்டு அதே முக்காலியில். மேடம் போர்டு பக்கமாகப் போய், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சாய்ந்தார். முழங்கை பட்டு இரண்டாவது சுவிட்சு 'டிக்'கென்று கீழே வந்தது. நான் பலமாக இருமினேன். அதற்குத்தானே சம்பளம்.

"ரெண்டே நிமிஷம் இன்ஸ்பெக்டர். சாருகிட்ட ஒண்ணு கேக்கணும்." மேடம் அங்கிருந்து நகர்ந்து வந்து பெரிய நாற்காலியில் அமர்ந்தார். "உங்க மாமா இந்த நாற்காலியிலதான் உக்காருவாரா?"

"கரெக்டு. வேற யாரும் உக்காரக் கூடாது."

"நீங்க?"

"பதினஞ்சு வருஷமா இந்த முக்காலிதான்." சிரித்தார். சிரிப்பு கண் வரை வரவில்லை.

"நேத்துக் காலையில என்ன வேலை நடந்தது? சரக்கு எதுவும் போச்சா?"

பேச்சு அவருக்குப் பிடித்த விஷயம். எந்தச் சரக்கு எந்தக் கடைக்கு, எத்தனை கட்டு, யார் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு. நூறு. நூற்றிப் பத்து. மணி அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். அந்தப் பெண் அழுது எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டாளா?

"...கறுப்பு பெயின்ட் அறுபது கட்டு, அதுல நாலு கட்டு கீறல்னு..."

டிர்ர்ர்ர்.

கரெக்டு எழுந்தார். பேச்சை நிறுத்தவில்லை. "...கீறல்னு திருப்பிட்டான், நான்தான் போய்..." என்று சொல்லிக்கொண்டே, போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையைப் பின்னால் உயர்த்தி இரண்டாவது சுவிட்சைக் கட்டைவிரலால் மேலே தள்ளினார். மறுபடி உட்கார்ந்தார். "...சமாதானம் பண்ணேன்."

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"கரண்டுன்னா பயம்னு சொன்னீங்க," என்றார் மேடம் மெதுவாக. "நேத்தும் மணி இப்படித்தான் அடிச்சது. உங்க மாமா தரையில கிடந்தார். நீங்க எழுந்து இதைத்தான் செஞ்சீங்க. தள்ளலன்னா ஆபரேட்டர் என்ன ஆச்சுன்னு பாக்க வந்துடுவார்ங்கிற பயமா, இல்ல வெறும் பழக்கமா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவை அடைத்து நின்றார். மேடம் இரண்டு தாள்களையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"பதினஞ்சு வருஷம்," என்றார் கரெக்டு. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அந்த மணிக்கு ஒரு நாள் அவன் எழுந்திரிச்சிருப்பானா? நான்தான். அடிச்சா எழுந்திரி, தள்ளு, உக்காரு. நேத்து ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில உக்காந்து பாத்தேன். நாயைத் துரத்துற மாதிரி துரத்தினான்."

யாரும் 'கரெக்டு' சொல்லவில்லை.

வெளியே காலடிச் சத்தம். இரண்டு ஷெட்டையும் ஓடியே கடந்து வந்திருந்தாள் அந்தப் பெண். மூச்சு வாங்கியது, நெற்றி முழுக்க வியர்வை. அறைக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. மேடத்தை மட்டும் பார்த்தாள்.

"ஏறிடுச்சு மேடம். பத்துல இருந்து இருபதுக்கு ஏறிடுச்சு." அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. "நான் கணக்குப் போடல. முள்ளைத்தான் பாத்தேன்."